வள்ளல்கள் நிறைந்த செட்டிநாட்டுக்குச் சமூக ஜனநாயகம் எதற்கு?

தனியார் வணிகத்தை ஒழிக்காமல் பொருளாதாரத்தை நியாயமானதாக ஆக்க முடியுமா, அதற்கு வள்ளல்களின் கொடையே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கொடை போதாது. காரைக்குடியில் சிறு வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான் என்பதால், எங்கள் பக்கத்துச் செய்திகளைக் கொண்டே விளக்குகிறேன்.

சமூக ஜனநாயகவாதிகள் சந்தைக்கு எதிரிகள் அல்லர். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959இல் கோடெஸ்பெர்க்கில் ஏற்ற கொள்கை அறிக்கையிலேயே, இயன்ற அளவு போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்று தன் நிலையை வகுத்துக்கொண்டது. கல்வி, மருத்துவம், முதுமை, வேலையிழப்பு ஆகியவற்றில் ஒருவரின் கதி அவர் பிறந்த வீட்டைப் பொறுத்து அமையக் கூடாது. அந்தச் செலவை எல்லோரும் வரியாக ஏற்க வேண்டும். கூலியைத் தொழிற்சங்கம் முதலாளியோடு சரிசமமாக உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். இவையெல்லாம் வாக்குச்சீட்டின் வழியே நடக்க வேண்டும் என்பதே அவர்களின் கொள்கை.

கொடையை நான் குறைத்துப் பேசவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. ஆனால் எங்கே கல்லூரி, எந்தக் கோயிலில் திருப்பணி என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார். பெறுபவர் அதில் வாய் திறக்க முடியாது. தவிர, கொடை லாபத்தை நம்பி நிற்பது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்களிடம் இருந்த சாகுபடி நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் கைமாறியதில், 1937இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. லேவாதேவிக்காரர்களுக்கு வேண்டியிருந்தது பணமே தவிர நிலமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு போரும் நிலத் தேசியமயமும் வந்து அந்த முதலும் போயிற்று.

கொடைக்கு மாற்றான ஓர் ஏற்பாடும் இதே மண்ணில் இருக்கிறது. நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், தங்கள் ஒன்பது நகரக் கோயில்களில், மணமான ஒவ்வோர் ஆணையும் குடும்பத்தோடு ஒரு புள்ளியாகப் பதிந்து, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி எடுத்தார்கள். சொத்துக்குத் தக்க ஆஸ்தி வரியும் இருந்தது. கோயில் கணக்கில் ஏழையும் பணக்காரரும் ஆளுக்கு ஒரு புள்ளிதான். வரி கட்டியவர் கையேந்துவதில்லை, உரிமையோடு கேட்கிறார்; சமூக ஜனநாயகத்தின் உயிர்நிலை இதுவே. ஆனால் புள்ளியின் எல்லை சாதியோடு முடிந்துவிட்டது. செட்டிநாட்டின் பெரிய வீடுகளைக் கட்டிய கொத்தனாரும், ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்த்தவரும், அடுப்படியில் நின்று சமைத்தவரும் எந்தப் புள்ளியிலும் சேரவில்லை.

சுவீடன் அந்த எல்லையை நாடு முழுவதற்கும் விரித்தது. 1938இல் சால்ட்ஷோபாடனில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் உடன்பாடு செய்துகொண்டன. கூலியைச் சங்கங்களே பேசி முடிப்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இன்றும் அங்கே இல்லை. ஆத்தங்குடிப் பட்டறைகளில் அப்படி ஒரு சங்கம் வேரூன்றுவது கடினம், ஏனெனில் நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளியும் உறவுக்காரராகவோ கடன் கொடுத்தவராகவோ இருப்பார். ஆகவே இங்கே பேரம் பேசும் வேலையைச் சட்டம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நல வாரியங்களுக்கு வழி செய்தது. 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வழியே கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை கட்டடத் தொழிலாளர் நலனுக்கென வந்தது.

பணக்காரரிடம் மட்டும் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பதே சமூக ஜனநாயகம் என்று என் வாடிக்கையாளர்கள் பலர் நினைக்கிறார்கள். சுவீடனில் பொது விற்பனை வரியே 25 விழுக்காடு; அங்கே வாரிசுச் சொத்து வரியையும் செல்வ வரியையும்கூட எடுத்துவிட்டார்கள். எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோரும் பெறுகிறார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடை இந்த வழியில்தான் நடக்கிறது. ரேஷன் அரிசியைச் சமைக்காத வணிகர்கள்கூட அட்டையை விடமாட்டார்கள். அந்தப் பிடிவாதம்தான் கடையைக் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து.

எனக்கு முதலில் வேண்டியது, நல வாரியப் பதிவு தொழிலாளி விண்ணப்பிக்காமலே நடப்பது. மதிய உணவுக்கு எந்தக் குழந்தையும் மனுப் போடுவதில்லை. முதியவரின் ஓய்வூதியமும் அப்படி வர வேண்டும். அதற்கான பணத்துக்கு, 1985இல் இந்தியா கைவிட்ட வாரிசுச் சொத்து வரியை, பெரிய சொத்துகளுக்கு மட்டும் பொருந்தும் உயர்ந்த வரம்போடு மீண்டும் கொண்டுவரலாம். பூர்வீக வீடு போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பல தலைமுறைப் பங்காளிகளுக்கு அந்த வீட்டைப் பங்கிட்டுப் பார்த்தால், தலைக்கு வரும் மதிப்பு எந்த வரம்பையும் எட்டாது.