செல்வ வேட்கை நாவல்களை ஆய்வுக்கு எடுத்திருக்கும் மகளைப் பற்றி ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மடல் கிடைத்தது. முதுகலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், அமெரிக்கப் புனைகதைகளில் செல்வ வேட்கையும் வெற்றி மோகமும் என்ற தலைப்பை ஆய்வேட்டுக்கு எடுத்திருப்பதாகவும், "பணத்தைத் துரத்தினவர்களைப் பற்றிப் படித்தால் இவளுக்குப் பணம் வந்துவிடுமா" என்று வீட்டில் ஆளுக்கு ஆள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் கேலி இருந்தாலும் நியாயமும் இருப்பதால், வேலை பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டின் தலைப்பைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. கல்லூரி ஆசிரியர் பணியை நினைத்தால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். பட்டமும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வும் இருக்கின்றன. இவற்றுக்கான தயாரிப்பைப் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே தொடங்கிவிடுவது நல்லது. பதிப்பகங்களிலோ நிறுவனங்களின் எழுத்துப் பணியிலோ நுழைய விரும்பினால், பிழையில்லாமலும் சுற்றி வளைக்காமலும் ஒரு வாதத்தைக் கடைசிவரை கொண்டுசெல்லத் தெரிந்தவர் என்பதற்கு இந்த ஆய்வேட்டின் ஒரு பகுதியையே மாதிரியாகக் காட்டலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எனினும், தலைப்பை மாற்றச் சொல்லுமாறு தாங்கள் கேட்டிருப்பதை நான் செய்யப்போவதில்லை. ஆலோசனை கேட்டு என் மேசைக்கு எதிரே நாள்தோறும் வந்து உட்காரும் பெற்றோரும் பிள்ளைகளும் பேசுவதெல்லாம் இந்தக் கதைகளில் ஏற்கெனவே பேசப்பட்டிருக்கின்றன என்பதே அதற்குக் காரணம்.

இந்த மரபின் முதல் படியில் நிற்பவர் ஹொரேஷியோ ஆல்ஜர். 1868-இல் நூலாக வந்த அவருடைய 'ராக்ட் டிக்' கதையில், நியூயார்க் தெருவில் காலணி துடைக்கும் ஒரு பையன் எழுதப் படிக்கக் கற்று, வங்கியில் காசு சேர்த்து, நேர்மையாக நடந்து முன்னேறுகிறான். உழைத்தால் உயரலாம் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் கதை இது. ஆனால் கதையைக் கவனித்துப் படித்தால், அவனுக்கு வாரம் 10 டாலர் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைப்பது சேமிப்பினாலோ படிப்பினாலோ அல்ல என்பது தெரியும். படகிலிருந்து ஆற்றில் விழுந்த ஒரு சிறுவனை அவன் குதித்துக் காப்பாற்ற, அச்சிறுவனின் தந்தை ஒரு வணிகராக இருந்துவிடுகிறார். உழைப்பு அவனைத் தகுதியுள்ளவனாக ஆக்கியது, வேலையைக் கொடுத்தது தற்செயல். இந்த இடைவெளியை ஆல்ஜர் மறைக்கவும் இல்லை, கவனித்ததாகவும் தெரியவில்லை.

அடுத்துத் தங்கள் மகள் நீண்ட நேரம் தங்க வேண்டிய இடம் தியடோர் டிரைசர் 1900-இல் வெளியிட்ட 'சிஸ்டர் கேரி'. பதினெட்டு வயதுக் கேரி 1889 ஆகஸ்டில் சிகாகோ ரயிலில் ஏறும்போது அவளுடைய பணப்பையில் இருப்பது நான்கு டாலர். காலணித் தொழிற்சாலையில் வாரம் நாலரை டாலர் கூலிக்குச் சேர்கிறாள். தங்கியிருக்கும் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கும் இடத்துக்குமாக நான்கு டாலர் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் அரை டாலர். குளிர்காலம் வருகிறது, அவளிடம் கம்பளிக் கோட்டு இல்லை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் இருக்கிறது. கடைசியில், பணம் கொடுத்து உதவும் ஒரு விற்பனைப் பிரதிநிதியுடன் திருமணம் செய்யாமலே வாழப் போய்விடுகிறாள். ஒழுக்கம் கெட்ட பெண்ணின் கதை என்று அக்காலத்தில் முகம் சுளித்தவர்கள் இந்த அரை டாலர் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். இதே நாவலில் ஹர்ஸ்ட்வுட் என்ற நாகரிகமான மதுவிடுதி மேலாளர் படிப்படியாகச் சரிந்து பிச்சையெடுக்கும் நிலைக்கு வருவதையும், கையிருப்பு எவ்வளவு குறைந்தது என்று தொகை போட்டே டிரைசர் சொல்லிக்கொண்டு போகிறார்.

ஆய்வுக்கான என் முதல் யோசனை இதிலிருந்துதான் வருகிறது. நாவலில் வரும் கூலி, வாடகை, துணி விலை, கடன் எல்லாவற்றையும் பக்க எண்ணுடன் ஓர் அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். டிக்குக்குக் கிடைத்த 10 டாலருக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் கேரிக்குக் கிடைத்த நாலரை டாலருக்கும் இடையே என்ன நடந்தது என்ற கேள்வி, எந்த மேற்கோளையும்விட வலுவாக ஆய்வைத் தொடங்கி வைக்கும். ஒருவன் எழுத்தராகும் பையன், மற்றவள் ஆலைத் தொழிலாளியான பெண் என்பதையும், உள்நாட்டுப் போருக்குப் பின் விலைவாசி இறங்கிவந்த காலம் அது என்பதையும் குறிப்பிட மறக்கக் கூடாது. வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். கோட்பாட்டுக்கு, பிறர் பார்வைக்காகச் செலவழிப்பதைப் பற்றிப் பொருளியலாளர் தோர்ஸ்டின் வெப்லன் 1899-இல் எழுதிய நூல் ஒன்றே போதும்.

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் காட்ஸ்பி' (1925) பற்றி மகள் ஏற்கெனவே வகுப்பில் கேட்டிருப்பார். விருந்துகளையும் பச்சை விளக்கையும் பற்றி எழுதாதவர் இல்லை. நான் பார்க்கச் சொல்வது கடைசி அத்தியாயத்தில், இறந்துபோன காட்ஸ்பியின் தந்தை எடுத்துக் காட்டும் ஒரு பழைய புத்தகத்தின் பின்பக்கத்தை. பையனாக இருந்தபோது அவன் அதில் கால அட்டவணை எழுதி வைத்திருக்கிறான்: காலை 6 மணிக்கு எழுவது, பிறகு உடற்பயிற்சி, மின்சாரம் முதலிய பாடங்கள், 8.30 முதல் 4.30 வரை வேலை, மாலை 5 முதல் 6 வரை பேச்சுப் பயிற்சி. அதன் கீழே சில உறுதிமொழிகள். வாரம் 5 டாலர் சேமிப்பது என்று எழுதி அடித்துவிட்டு 3 டாலர் என்று திருத்தியிருக்கிறான். பெற்றோரிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்வது என்பது கடைசி வரி. அந்தத் தகப்பனார் அதை வரிவரியாக வாசித்துப் பெருமைப்படுகிறார். அவ்வளவு விருந்துகள் நடந்த அந்த வீட்டில் மகனின் இறுதிச் சடங்குக்கு ஆள் வரவில்லை. அந்தப் பையனிடம் குறைவு என்று சொல்ல முயற்சியில் ஒன்றும் இல்லை. என்னிடம் வருபவர்களின் வீட்டுச் சுவர்களிலும் இதே அட்டவணை ஒட்டியிருக்கும் என்பதால், இந்தப் பக்கத்தை என்னால் இலக்கியமாக மட்டும் படிக்க முடிவதில்லை.

தங்களுக்கென்றே இரண்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சின்க்ளேர் லூயிஸின் 'பாபிட்' (1922) நாவலில், வீடு மனை வியாபாரம் செய்யும் பாபிட் தான் வழக்கறிஞராக ஆசைப்பட்டவர். அந்த ஆசையை மகன் டெட் மீது சுமத்திப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார். அவனுக்கு நாட்டம் இயந்திரங்களில். அவன் திடீரென்று திருமணம் செய்துகொண்டுவிட்டதால் வீட்டார் எல்லோரும் கூடத்தில் கொதித்துக்கொண்டிருக்க, பாபிட் அவனைச் சாப்பாட்டு அறைக்குத் தனியே அழைத்துப்போகிறார்; படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போக விரும்புவதாக அவன் சொல்ல, தான் விரும்பிய ஒன்றைக்கூட வாழ்நாளில் செய்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறார். மற்றது ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949). இது நாவல் அன்று, நாடகம். ஆய்வில் சேர்ப்பதற்கு நெறியாளரின் ஒப்புதல் வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்தால் போதும், வெற்றி தானாக வரும் என்று மகனை வளர்த்த வில்லி லோமன், அவன் கணக்கில் 61 வாங்கித் தோற்று நிற்கும்போது, தேர்ச்சிக்குக் குறைந்த அந்த 4 மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுக்க மாட்டார்களாமா என்று கேட்கிறார். பின்னொரு காட்சியில், வில்லி ஏளனம் செய்த பக்கத்து வீட்டுப் பையன் பெர்னார்ட் வழக்கறிஞராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் புறப்படுகிறான், அதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவனுடைய தந்தை சார்லி, எதிலும் அக்கறை காட்டாததே தன்னைக் காப்பாற்றியது என்கிறார். வில்லிக்கு அது புரிவதே இல்லை.

ஆறேழு நூல்களை எடுத்து மேலோட்டமாக எழுதுவதைவிட, டிரைசரையும் ஃபிட்ஸ்ஜெரால்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஆல்ஜரை முன்னுரையில் வைப்பது சரியாக இருக்கும். மில்லரின் நாடகம் தவிர, நான் சொன்ன கதைகள் அனைத்தும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகச் செலவு பற்றிய தங்கள் கவலையை அந்த அளவில் விட்டுவிடலாம்.

அடுத்த மாதம் மகளுடன் நேரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நெட் பாடத்திட்டத்தையும், கேரியின் வரவு செலவு அட்டவணையில் முதல் பத்து அத்தியாயங்களையும் கொண்டுவரட்டும். தாங்கள் வருவதற்குமுன் 'பாபிட்' கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது மகளை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது.