நருட்டோ, டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன் எல்லாம் பார்த்துவிட்டேன். அதிகம் பேசப்படாத நல்ல அனிமே தொடர்கள் எவை?

பெரிய பெயர்களை முடித்துவிட்டு நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு தேடியிருக்கிறேன். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் சுற்றிச் சுற்றி அதே தொடர்கள்தான் வரும். தேடிச் சலித்த பிறகு தற்செயலாகப் பார்த்த சில தொடர்கள் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை தெரிகிறது. உலகத்தைக் காப்பாற்றும் நாயகன் எதிலும் கிடையாது. ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகச் செய்யப் பாடுபடும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு நிமிட ட்ரெய்லரில் இதைக் காட்டி யாரையும் இழுக்க முடியாது. இவை கவனிக்கப்படாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் ‘ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ’. 2016, 2017 என இரண்டு சீசன், மொத்தம் 25 எபிசோட். ரகுகோ என்பது ஜப்பானின் பழைய கதைசொல்லும் கலை. ஒரே ஆள் மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு விசிறியையும் ஒரு சின்னத் துண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, கதையில் வரும் அத்தனை பேராகவும் மாறிப் பேசுவார். முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் கணவன், மறுபக்கம் திருப்பினால் மனைவி. விசிறி சாப்பிடும் குச்சியாகும், புகைக்குழாயாகும், வாளாகும்.

சிறையிலிருந்து வெளியே வரும் யோதாரோ நேராக யாகுமோ என்ற மேதையிடம் போய் சீடனாகச் சேர்கிறான். சிறையில் அவர் சொன்ன கதையைக் கேட்டதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. சேர்ந்த பிறகு ஒருநாள் குரு மேடையில் கதை சொல்லும்போது தூங்கிக் குறட்டை விட்டுவிடுகிறான். குரு வெளியே போகச் சொல்கிறார். அவன் காலில் விழுந்து கெஞ்ச, அவர் தன் இளமைக்கால நண்பன் சுகெரோகுவைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். முதல் சீசனின் பெரும்பகுதி அந்தப் பழைய கதைதான்.

ஒரே நாளில் ஒரே குருவிடம் சேர்ந்த இரண்டு சிறுவர்கள். ஒருவனுக்குக் கலை மூச்சு விடுவதுபோல வருகிறது. இன்னொருவன் எவ்வளவு உழைத்தாலும் சபை அசைவதில்லை. அந்த இரண்டாமவன் தனக்கென ஒரு குரலைக் கண்டுபிடிக்கும் இடம் வரை பொறுமையாகப் பாருங்கள். நண்பன் மீது உயிரையே வைத்திருப்பதும், அவன் திறமையைக் கண்டு பொறாமையில் வேகுவதும் ஒரே மனதுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாக வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

இதைக் கண்டிப்பாக ஜப்பானியக் குரலிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். நருட்டோவில் காராவுக்குக் குரல் கொடுத்த அகிரா இஷிதாதான் இதில் யாகுமோ. இளைஞனாகவும் கிழவராகவும் அவரே பேசுகிறார். மேடையில் அந்தப் பாத்திரம் இன்னும் நாலு பேராக மாறும்போது அதையும் அவரேதான் பேசுகிறார். முதல் எபிசோடே வழக்கத்தைவிட நீளமானது, அதில் யோதாரோ சொல்லும் கதையும் நீளம். அங்கே அலுத்துப்போய் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது ‘பிளானெட்டெஸ்’. 2003இல் வந்தது, 26 எபிசோட். வின்லாண்ட் சாகா வரைந்த மகோதோ யுகிமுராவின் முந்தைய மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வைத்து எடுத்தது. கதை நடப்பது 2075இல். நாயகன் ஹாச்சிமாக்கியின் வேலை விண்வெளியில் குப்பை பொறுக்குவது. பழைய செயற்கைக்கோள் துண்டுகள், கழன்றுபோன உதிரிபாகங்கள், இதெல்லாம்தான் குப்பை. பூமியை நெருங்கிச் சுற்றும் பொருட்கள் நொடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. அந்த வேகத்தில் ஒரு திருகாணி வந்து மோதினால் கப்பலே போய்விடும். தொடரின் தொடக்கமே அப்படி ஒரு விபத்துதான். அதில் மனைவியை இழந்த யூரி, வருடங்கள் கழித்தும் அதே குப்பை அள்ளும் பிரிவில் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏன் என்று தெரியவரும்போது மனது கனத்துப்போகும்.

இவ்வளவு முக்கியமான வேலை, ஆனால் கம்பெனியில் இவர்களுக்கு மரியாதை கிடையாது. ஆள் குறைவு, பணம் குறைவு, ஓட்டைக் கப்பல். ஹாச்சிமாக்கிக்கோ சொந்தமாக ஒரு கப்பல் வாங்க வேண்டும் என்ற கனவு. புதிதாகச் சேரும் தனாபே எதற்கெடுத்தாலும் அன்பு என்று பேசி அவனை எரிச்சலூட்டுகிறாள். ஆரம்பத்தில் சில எபிசோடுகள் வெறும் கலாட்டாவாக இருக்கும், உண்மைதான். பாதிக்கு மேல் தொடரின் முகமே மாறிவிடும். ஏழை நாடுகளுக்கு விண்வெளியில் பங்கு உண்டா, கனவுக்காக மனிதர்களை உதறிவிட்டுப் போகலாமா என்றெல்லாம் கேட்கத் தொடங்குகிறது. கடைசி நாலைந்து எபிசோடுகளை நான் ஒரே இரவில் பார்த்து முடித்தேன்.

சண்டையும் வேண்டும் என்றால் ‘மோரிபிதோ’ (2007, 26 எபிசோட்). நாயகி பல்சா 30 வயதுக்காரி, ஈட்டி ஏந்திய மெய்க்காவலர். பேரரசனான தந்தையே கொல்லச் சொன்ன சாகுமு என்ற இளவரசனைக் காப்பது அவள் பொறுப்பு. சண்டைகள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் அடியின் கனம் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது அரண்மனையில் வளர்ந்த பையன் சாதாரண மக்களோடு வாழப் பழகும் நாட்கள். கொல்லன் பட்டறையில் நடக்கும் ஒரு எபிசோட் உண்டு. ஒரு ஈட்டி செய்து தர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆயுதம் செய்பவனின் மனசாட்சியைப் பற்றிய அந்த உரையாடலை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

‘பிங் பாங்’ (2014) வெறும் 11 எபிசோட். கோணல்மாணலான கோடுகளைப் பார்த்தே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு எபிசோட் தாண்டினால் அந்தக் கோடுகளில்தான் பந்தின் வேகம் இருக்கிறது என்று புரியும். தோற்றுப்போகிறவர்களையும் இவ்வளவு மரியாதையோடு காட்டும் விளையாட்டுத் தொடர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்புறம் ‘ஹைபானே ரென்மெய்’ (2002, 13 எபிசோட்). தலைக்கு மேல் ஒளிவட்டமும் முதுகில் சாம்பல் நிறச் சிறகுகளும் கொண்டவர்கள், மதிலால் சூழப்பட்ட ஓர் ஊரில் வாழ்கிறார்கள். எங்கிருந்து வந்தோம் என்று அவர்களுக்கே நினைவில்லை. ஊரில் ஏதாவது வேலை செய்தே ஆக வேண்டும், ஆனால் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது, மற்றவர்கள் பயன்படுத்திய துணியைத்தான் உடுத்த வேண்டும். ராக்கா என்ற சிறுமி அங்கே புதிதாகப் பிறக்கிறாள், ரெகி என்ற பெண் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த ஒரு தொடருக்கு மட்டும் விமர்சனம், விளக்கம் எதையும் முன்கூட்டியே படிக்காதீர்கள். ரெகி யார், அவள் ஏன் எல்லோரையும் அப்படிக் கவனித்துக்கொள்கிறாள் என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.