மெட்சன்பாம் கத்தரியால் தையல் நூலை வெட்டினால் என்ன?

ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சிங் மாணவி நீங்கள். “மேயோ கத்தரியும் மெட்சன்பாம் கத்தரியும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, அவசரத்தில் கைக்கு வந்ததைக் கொடுத்தால் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடங்களாக ஸ்க்ரப் நர்ஸ், அதாவது அறுவையின்போது சர்ஜனுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேயோ தடிமனாக இருக்கும். நூல் வெட்டவும், தசையை மூடியிருக்கும் கெட்டியான உறையை வெட்டவும் அதுதான். மெட்சன்பாமில் காம்பு நீளம், வெட்டும் பகுதி சிறியது, ஒல்லியானது, நுனி மழுங்கல். மைரன் மெட்சன்பாம் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயர் அது. காம்பு நீளமாக இருப்பதால் ஆழத்தில் வேலை செய்யும்போதும் கை வெளியிலேயே இருக்கும், பார்வையை மறைக்காது.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தக் கத்தரி செய்யும் வேலையில் பாதி வெட்டுவதே இல்லை. மூடியபடி திசுக்களுக்கு நடுவே மெதுவாக நுழைத்து, உள்ளே விரிப்பார்கள். இயற்கையாகப் பிரியக்கூடிய இடத்தில் திசு தானே விலகிக் கொடுக்கும். நடுவில் ரத்தக் குழாயோ நரம்போ இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நுனி மழுங்கலாக இருப்பது இதற்காகத்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சரி, நூலுக்கு வருவோம். மெல்லிய திசுவுக்கென்று தீட்டிய விளிம்பு அது. நூலை வெட்ட வெட்ட மழுங்கும், இரண்டு அலகும் சேரும் இடம் தளர்ந்துபோகும். அப்புறம் அது திசுவை வெட்டாது, மென்று கிழிக்கும். புதிதாகச் சேர்ந்தபோது நானும் ஒருமுறை நூலுக்கு மெட்சன்பாமை நீட்டினேன். சர்ஜன் திட்டவில்லை; அதை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, மேயோவுக்காகக் காத்திருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

விரல் நுழைக்கும் வளையம் தங்க நிறத்தில் இருந்தால் பொதுவாக விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூர்மை கூடுதல் நாள் நிற்கும். அதற்காக அதில் நூல் வெட்டலாம் என்றாகாது.

கழுவிய பிறகு, கிருமி நீக்க ஆட்டோகிளேவுக்குப் போகும் முன்பு, மெல்லிய லேடெக்ஸ் (ரப்பர்) துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். நுனி வரை சுத்தமாக வெட்ட வேண்டும். நுனியில் கொஞ்சம் பிடித்து இழுத்தாலும் டிரேயில் வைக்காதீர்கள், தனியாக எடுத்துச் சாணை பிடிக்க அனுப்பிவிடுங்கள்.