காரணம் கேள் தோழி

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குப் பழைய பாடல்கள் என்றால் உயிர். அதற்குக் காரணம் என் அம்மா. பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இப்போது 76 வயது, என்னோடு சென்னையில் இருக்கிறார். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ பாடிக்கொண்டே இருப்பார். நான் அதைக் கேட்டு வளர்ந்தவன்.

அதில் ‘காரணம் ஏன் தோழி’ என்று வரும் இடத்தை அம்மா எப்போதும் ‘காரணம் கேள் தோழி’ என்றே பாடுவார். போன மாதம் யூடியூபில் பாட்டைப் போட்டுக் காட்டி, “இத்தனை வருஷமாத் தப்பாப் பாடுறீங்கம்மா” என்றேன். “அப்படியாப்பா” என்று சிரித்துக்கொண்டார். அதன்பிறகு அவர் அதைப் பாடி நான் கேட்கவில்லை. இது சும்மா ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

என் கேள்விகள் இவை. இந்தப் பாடலை எழுதியவர் கண்ணதாசனா, வாலியா? வீட்டில் பந்தயம் ஓடுகிறது. சுசீலா, ஜானகி இருவரில் யார் பெரியவர்? இன்றைய பாடல்கள் ஏன் மனதில் நிற்பதில்லை? உங்களுக்குப் பிடித்த பத்துப் பாடல்களை, அவற்றின் நினைவுகளோடு பட்டியலிட முடியுமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகள் வரை நான் போகவேயில்லை. ‘சும்மா ஒரு தகவலுக்காக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

சுசீலாவா ஜானகியா என்பது பட்டிமன்றத்துக்கு ஆகும், எனக்கு ஆகாது. இன்றைய பாட்டு மனதில் நிற்பதில்லை என்று ஐம்பது வயதுக்காரர்கள் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. உங்கள் தெருவில் இருபது வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த பஸ், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லும். பத்துப் பாடல் பட்டியலெல்லாம் என்னால் முடியாது. அம்மாவுக்கு வருவோம்.

அந்தப் படம் வந்தது 1961-ல். உங்கள் அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருந்திருக்கும். அந்தப் பாட்டை அவர் எப்படிக் கற்றார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? யாரும் அவருக்கு வரி எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள்தான். கிராமத்துச் சிறுமியின் கைக்கு அது வந்து சேர்வது லேசில்லை. பெரும்பாலும் காற்றில் வந்ததுதான். பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் சாயங்காலம் பாடும். இல்லையென்றால் வசதியுள்ள வீட்டு ரேடியோ ஜன்னல் வழியாகக் கேட்கும். தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் பாதிப் பாட்டு, திரும்பி வரும்போது வேறொரு பாட்டின் பாதி.

உங்கள் அம்மா வளர்ந்த சீமையில் ரேடியோ என்றால் அநேகமாக இலங்கை வானொலிதான். அதற்கு ஒரு காரணம் டெல்லியில் இருந்தது. பி. வி. கேஸ்கர் 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கும் என்று நினைத்து அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் திருகாணியைக் கொழும்பு பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்காக விவித் பாரதியைத் தொடங்கும்படி ஆயிற்று. அதற்குள் தென்தமிழ்நாடு இலங்கை வானொலிக்குப் பழகிவிட்டது. மத்திய அலை நிலத்தைவிட உப்புநீரின் மேல் நன்றாகப் பயணம் செய்யும். நடுவில் கடல் இருந்ததே தோதாகப் போயிற்று. என்றாலும் இருட்டினால் அலை ஏறும், இறங்கும். ஒரு வரி கணீரென்று வரும், அடுத்த வரி கரகரப்பில் முங்கிப்போகும். முங்கிய இடத்தைக் கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சுசீலாவின் உச்சரிப்பில் ஒரு குறையும் கிடையாது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவரிடம் தமிழர்கள் தமிழ் கற்கலாம். ஆனால் பாட்டில் ‘காரணம்’ என்ற சொல்லின் கடைசி மெய்யும் அடுத்த உயிரும் ஒட்டி ‘காரணமேன்’ என்று ஒரே மூச்சில் வரும். தூரத்துக் குழாயில் மெய்யெழுத்துகள்தான் முதலில் உதிரும். ‘மேன்’ என்பது தேய்ந்து வெறும் ‘ஏ’ காதில் விழுந்திருக்கும். மிச்சத்தை அந்தச் சிறுமி இட்டு நிரப்பினாள். ‘கேள்’ என்ற சொல்லை அவளுக்கு யாரும் தரவில்லை. அது அவளிடமிருந்தே வந்தது.

இப்போது இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனதில் இருந்தும் வார்த்தை வரவில்லையே, ஏன் தோழி என்று கவிஞரின் பெண் கேட்கிறாள். விடை தெரியாமல் இன்னொருத்தியிடம் கேட்கிறாள். உங்கள் அம்மாவின் பெண்ணுக்குக் காரணம் தெரியும். நீ கேள், சொல்கிறேன் என்கிறாள். ஒரே ஒரு சொல்லில் அவள் வேறொரு பெண்ணாகிவிட்டாள். அறுபது வருடத்துக்கு மேல், அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து, உங்கள் அம்மா அந்த வீட்டில் இருந்தவர்களைப் பார்த்து ‘காரணம் கேள்’ என்று பாடிக்கொண்டிருந்திருக்கிறார். உங்கள் அப்பா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. பாடம் சரிபார்த்தீர்கள்.

அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் அவமானப்பட்டால் சிரிப்பார்கள். இது உங்களுக்கு இந்த வயதில் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது. சொல்கிறேன்.

என் அம்மா பீடி சுற்றினார். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். தெருவில் பாதி வீட்டுத் திண்ணைகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நனைத்து ஈரச்சாக்கில் சுற்றிவைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவது வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ரேடியோ எங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அது பாடும், இந்தப் பக்கம் அம்மா கூடவே பாடுவார். ‘ஆலயமணியின் ஓசையை நான் கேட்டேன்’ அவருக்கு மிகவும் பிடித்தது. பல்லவி முழுதாக வரும், சரணத்தில் பாதி முனகலாகிவிடும்.

அம்மா நூலை இழுத்துக் கட்டும்போது பாட்டு நிற்கும். கண் மூடித் திறக்கும் நேரம்தான். கட்டி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு பல்லவிக்குள் நாலைந்து தடவை நிற்கும். அந்தப் பாட்டை நான் முதன்முதலில் கேட்டதே அப்படித்தான். இன்றைக்கும் சுசீலாவின் குரலில் அது ஓடும்போது, நிற்காமல் போகிறதே என்று எனக்குத் திக்கென்று இருக்கும். ‘ஓசையை’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு பீடி அளவுக்கு இடம் வேண்டும். இசைத்தட்டில் அந்த இடம் இல்லை.

1987-ல் பெரியப்பா மகன் துபாயிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. ஆனால் அதில் ரேடியோ சீக்கிரமே மக்கர் பண்ணிவிட்டது. அதனால் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, பிளே, ரெக்கார்ட் இரண்டையும் சேர்த்து அமுக்கி, அதிலேயே இருந்த மைக்கில் பாட்டைப் பிடிப்பேன். அப்போது ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளை வாயில் கைவைத்து உட்கார வைப்பேன். ‘மௌன ராகம்’ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ‘நிலாவே வா’வுக்காக எத்தனையோ நாள் காத்திருந்து ஒரு சாயங்காலம் பிடித்தேன். இரண்டாவது சரணத்தில் வாசலிலிருந்து அம்மாவின் குரல் விழுந்தது. “ஏல, சோறு ஆறுதுல்லா, வந்து தின்னுட்டுப் போயேன்.” அதோடு, திரும்பி நடந்துகொண்டே அவர் அந்தப் பாட்டையே இரண்டு வரி முனகினார். வார்த்தை தெரியாது. மெட்டு மட்டும்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அடுத்த வாரம் அதே பாட்டு வந்தபோது டேப்பைப் பின்னுக்குச் சுற்றி, அதன் மேலேயே மறுபடியும் பதிந்தேன். இந்தத் தடவை சுத்தமாக வந்தது. அம்மா அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

அவர் 2004-ல் போய்ச் சேர்ந்தார். நாலு புகைப்படங்கள் இருக்கின்றன. ஒரு ரேஷன் கார்டும், பீடித் தொழிலாளர் அட்டையும் இருக்கின்றன. குரல் இல்லை. அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அதைக் கொண்டுபோனேன். மேலே பதிந்ததை நீக்கி அடியில் இருப்பதை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு பழைய டெக்கைத் திறந்து காட்டினார். ரெக்கார்ட் அமுக்கியதும் டேப் முதலில் அழிக்கும் ஹெட்டைத் தாண்டித்தான் பதியும் ஹெட்டுக்கு வருகிறது. பழையது துடைக்கப்பட்ட பிறகுதான் புதியது ஏறுகிறது. “அடியில எதுவும் இல்ல சார்” என்றார். காசு வாங்கவில்லை.

உங்கள் அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார், நண்பரே. எனக்குப் பொறுக்கவில்லை.

அவரிடம் மன்னிப்பு என்று ஆரம்பித்து அழாதீர்கள். அவர் பயந்துபோவார். பாடச் சொல்லியும் கேட்காதீர்கள். கேட்டால் யாரும் அப்படிப் பாட மாட்டார்கள். போனை எங்கேயாவது வைத்துவிட்டு, அவர் காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து நீங்களும் நாலு வெண்டைக்காயை நறுக்குங்கள். அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் ரேடியோ யார் வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். யாரோடு தண்ணீருக்குப் போவார், அந்தத் தோழிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு நாளோ, இருபது நாளோ ஆகட்டும். பாட்டு வந்தால் வரட்டும். அப்போது ‘ஏன்’ என்று பாடினாரா, ‘கேள்’ என்று பாடினாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பதிவு செய்வதெல்லாம் அதற்கப்புறம், அவரிடம் சொல்லிவிட்டு.

பந்தயத்தை மறந்துவிட்டேன். ‘பாக்கியலட்சுமி’, 1961. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. எழுதியவர் கண்ணதாசன்.

அன்புடன்.