பயிற்சிக்கு வெளி ஆளா, நம்ம ஆளா?

வணக்கம் சார். தொண்டிப் பக்கம் 40 பேர் வேலை பார்க்கிற நண்டு பதப்படுத்துற யூனிட்டுக்கு, சுகாதாரப் பயிற்சியை வெளியில விடலாமா, நாமளே நடத்தலாமான்னு கேட்டிருந்தீங்க.

சான்றிதழ் விஷயம் வெளியிலதான். ஃபாஸ்டாக் (FoSTaC, மத்திய அரசோட உணவுப் பாதுகாப்புப் பயிற்சித் திட்டம்) கணக்குப்படி 25 பேருக்குப் பயிற்சி எடுத்த ஒரு மேற்பார்வையாளர். உங்களுக்கு 2 பேர். அவங்களை மட்டும் அனுப்புங்க, போதும்.

தினசரி கைவேலைக்கான பயிற்சியை மட்டும் வெளி ஆள்கிட்ட விடாதீங்க. மண்டபத்துல எங்க யூனிட்டுக்கு ஒருத்தரை வரவழைச்சோம். ரெண்டு மணி நேரம் ஸ்லைடு, பாதி இங்கிலீஷ். அக்காங்க எல்லாரும் தலையாட்டினாங்க (நானும்தான்). மறுநாள் பார்த்தா, தெர்மாமீட்டரைப் பெட்டியில சொருகி, முள் நிக்கிறதுக்குள்ள உருவி எழுதுறாங்க.

அப்புறம் எங்க மூத்த அக்கா ஒருத்தர் குண்டான்ல நொறுக்கின ஐஸைப் போட்டு, கொஞ்சம் தண்ணி ஊத்தி, "முள்ளு 0-ல நிக்குதா பாரு, நிக்கலைன்னா அது பொய் சொல்லுது"ன்னாங்க. பத்து நிமிஷம். இன்னிக்கு வரைக்கும் யாரும் மறக்கலை. அந்த மாதிரி ஆளைத் தேடுங்க. சொல்லிக்கொடுக்கிற நாளுக்குத் தனியா கூலி போட்டுக் கொடுங்க.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வரத்து இருக்காது, அப்போ வெச்சுக்கோங்க. சீசன்ல கூப்பிட்டா யாரு உட்காருவா?