ரோசா ஏன் தலையைத் தொங்கப்போடுகிறது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு ஆறு ரோசாவும் பத்து ஜெர்பராவும் வாங்கினேன். சாடித் தண்ணீரில் இரண்டு கரண்டி சீனி போட்டால் பூ நின்றுபிடிக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். போட்டேன். மறுநாள் பின்னேரமே ரோசா தொங்கிவிட்டது, தண்ணீரும் கலங்கி நாறுகிறது. எங்கே பிழை?
– வாசகி, உப்புவெளி

பதில்: மாமி சொன்னது பாதி சரி, தங்கச்சி. சீனி பூவுக்குச் சாப்பாடுதான். ஆனால் தண்ணீரில் இருக்கும் கிருமிக்கும் அதுவே சாப்பாடு. கிருமி பெருகி, தண்டின் வெட்டுவாயில் வழுவழுவென்று படிந்து குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில்தான் வாடும். கலியாண மேடைகளுக்குப் பூச் சோடித்த காலத்தில் நானும் இதைச் செய்தவள்தான், அதுவும் ஒரு வாளி நிறைய. விடிய நாலு மணிக்குப் பார்த்தால் அறுபது ரோசாவும் குனிந்து நிற்கின்றன! வேலியில் நின்ற போகன்வில்லாவை வெட்டித்தான் மானத்தைக் காப்பாற்றினேன்.

சீனி போடுவதென்றால் துணைக்குத் தேசிப்புளியும் (எலுமிச்சைச் சாறு) துணி வெளுக்கும் ப்ளீச்சும் வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி, அரைத் தேக்கரண்டி ப்ளீச். புளியையும் ப்ளீச்சையும் நேரே ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள், நஞ்சுப் புகை வரும். தண்ணீரில் தனித்தனியாக விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் பூவுக்கும் ஆகாது, குழாய்த் தண்ணீரே எடுங்கள். சாடியைச் சவர்க்காரம் போட்டு உரசிக் கழுவுங்கள். பழைய வழுவழுப்பு அடியில் இருந்தால் இத்தனையும் வீண்.

நுவரெலியாவில் வெட்டிய ரோசா கண்டி, ஹபரணை, கந்தளாய் தாண்டித் திருகோணமலைக்கு நம்மிடம் வருவதற்குள் வெட்டுவாய் காய்ந்து காற்றை உறிஞ்சியிருக்கும். அதனால் தண்டை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே ஓர் அங்குலம் சரிவாக வெட்டுங்கள். கூரான கத்தி நல்லது, மொட்டைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் இலை ஒன்றும் இருக்கக்கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். இப்போதுதான் தொங்கத் தொடங்கிய ரோசா என்றால், இப்படி வெட்டி, முழுப்பூவையும் அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் படுக்கவையுங்கள், பல வேளை நிமிர்ந்துவிடும்.

ஜெர்பராவின் தண்டு மென்மையானது, கழுத்துவரை தண்ணீர் விட்டால் அழுகும். இரண்டு அங்குலம் போதும்.

சரி, சாடியை எங்கே வைத்தீர்கள்? வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலோரமும் மின்விசிறிக்கு நேரேயும் வைத்தால் கருவாடுதான். வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு பூவைச் சீக்கிரம் முதுமையாக்கும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு வியாழனே மல்லிகைச் சரம் கட்டுகிறேன். காலையில் பழுப்பாகிவிடுகிறது.
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: தண்ணீர் தெளிக்கிறீர்கள் போல, அதுதான் பழுப்பாக்குகிறது. மொட்டாகவே கட்டி, வாழையிலையில் சுருட்டி, இலைக்கு மேலே ஈரத்துணி சுற்றி, மூடியுள்ள பெட்டியில் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அந்தூரியப் பூவை மட்டும் அங்கே வைக்காதீர்கள், குளிரில் கறுத்துப்போகும். அது வெளியே சாடியிலேயே இரண்டு கிழமை நிற்கும்.