கூதிரும் குதிரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வாய்க்கால்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: 'ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் ஊரில் கை வற்றிய மாதங்கள்.' அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

நான் மயிலாடுதுறையில் வளர்ந்தவள். ஐப்பசி என்றால் எங்களுக்குத் துலா முழுக்கு, தீபாவளி, மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்று காவிரிக் கரை முழுக்கக் கூட்டம். இப்போது ஒன்பது ஆண்டுகளாக அமெரிக்காவில், அயோவாவில் இருக்கிறோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் மக்காச்சோள வயல்கள். இது அறுவடைக் காலம். இரவு பதினொரு மணிக்கும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. சாலையோரத்தில் பூசணிகளை அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டியையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. மரங்கள் சிவந்து நிற்கின்றன. ஊரே நிறைந்து கிடக்கிறது. நமக்கு இப்படி ஒரு பருவம் வாய்க்கவில்லையே என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்துக்கொள்வேன். 'இலையுதிர் காலம்' என்பதே பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த சொல்தான்.

நெல் விளையும் ஊரில் இந்த மாதங்களில் கை எப்படி வற்றும்? குறுவை அறுவடை அப்போதுதானே? கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டீர்களோ என்று தோன்றியது. தவறாக எண்ண வேண்டாம்.

நவம்பர் கடைசியில் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வருகிறேன். அவர்களுக்கு ஒரு கிராமத்தைக் காட்ட ஆசை. அந்த நேரத்தில் பார்க்க ஏதாவது இருக்குமா?

எஸ்.,
அயோவா

அன்புள்ள எஸ்,

தவறாக எண்ண என்ன இருக்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வரியை நானும் எடுத்துப் பார்த்தேன். மிகைப்படுத்தவில்லை. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் இலைகளை முடித்துவிடலாம். நம் ஊரிலும் இலை உதிரும், மாசி, பங்குனியில். வேம்பும் அரசும் அப்போதுதான் வாசலைக் குப்பையாக்கும். பெருக்கிப் பெருக்கி இடுப்பு வலித்த பெண்களைத் தவிர வேறு யாரும் அதை ஒரு பருவமாகக் கவனித்ததில்லை. உங்கள் ஊர் மரங்கள் சிவக்கும் ஐப்பசியில் இங்கே வேலியில் நட்ட கிளுவைக் குச்சிகூடத் துளிர்விடும். அதனால் 'இலையுதிர் காலம்' நமக்கு ஒட்டாத சொல் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் பருவம் வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில் 'கூதிர்' என்று பெயர். கூதல் காற்று என்கிறோமே, அந்தக் கூதல்தான். சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் தொடக்கத்தில் இந்தப் பருவம் இருக்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி இடையர்கள் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். கையில் கொள்ளியோடு குளிர் காய்ந்தும் அவர்களுக்குக் கன்னம் நடுங்குகிறது. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. இந்தப் பசுவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அடுத்து குறுவை. ஐப்பசியில் குறுவை அறுவடை என்பது சரிதான், ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் ஆற்றுப் பாசனத்தில் குறுவை உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. அப்போதும் குறுவை போட்டவர்கள் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவர்கள். உங்கள் மயிலாடுதுறைப் பக்கம் நிலத்தடி நீர் வாகு உண்டு. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. போர் போட்டால் உப்பு. ஒரு போகம் சம்பா, அவ்வளவுதான். நீங்கள் காவிரியின் கரையில் இருந்து பார்த்தீர்கள், நான் அது முடியும் இடத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு ஐப்பசிகளும் உண்மைதான்.

குறுவை அறுத்தவர்களும் ஐப்பசியில் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நூற்றுப் பத்து நாள் பயிர் சரியாக மழை தொடங்கும்போது முற்றி நிற்கும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் வாடகை கூடும். அறுத்துக் கொட்டினால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அடைமழையில் எந்த நெல் 17-க்கு வரும்? 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து பையில் மாதிரி எடுத்துப் போகும். அதுவரை நெல் தார்ச்சாலையில் கிடக்கும். வெயில் முகம் காட்டினால் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறுவார்கள். தூறல் விழுந்தால் ஓடிவந்து மூடுவார்கள். இரவில் குவியல் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுப்பார்கள். உங்கள் ஊரிலும் மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் பார்த்துத்தான் விலை போடுவார்கள். ஈரம் கூடினால் எரிவாயுவில் ஓடும் உலர்த்திகள் இருக்கின்றன. எங்களுக்கு நெடுஞ்சாலைத் துறையின் சாலை. உங்கள் பூசணிப் பெட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது.

இனி எங்கள் சம்பா. கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் புரட்டாசி பிறந்துவிடும். அதுவரை காத்திருந்தால் ஆகாது என்று ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். வானம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு துணிச்சல். மாநிலத்துக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது. பத்து நாள் முன்பு வரை தண்ணீர் வரவில்லை என்று நீர்வளத் துறை அலுவலகத்துக்கு நடந்தவர்கள், ஐப்பசி பத்து தேதிக்குமேல் தண்ணீர் வடியவில்லை என்று அதே அலுவலகத்துக்கு நடப்பார்கள். வடிகால் முழுக்க வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும். இரண்டு கோரிக்கைகளுக்கும் தனித்தனியாகத் தாள் செலவழிக்க வேண்டாம், ஒரே மனுவில் எழுதித் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று என் சித்தப்பா சொல்வார்.

அந்த மாதங்களில் ஆண்களுக்கு வரப்புதான் வீடு. வயல் நண்டு வரப்பில் வளை போடும். ஒரு வளை போதும், மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கி இரண்டு பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். விடியற்காலை மண்வெட்டியோடு போய்க் காலால் தடவித் தடவி வளையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிடிபட்ட நண்டு அன்று மதியம் மிளகு போட்ட ரசத்தில் இருக்கும். சளிக்கு அதற்கு மேல் மருந்து கிடையாது என்பது இன்றும் என் கட்சி. பயிர் தூர் கட்டிய பிறகு எலி. மூங்கிலை வில்போல வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் பொறியைச் சாயங்காலம் வயலெங்கும் வைத்துவிட்டு, விடிந்ததும் வந்து எடுப்பார்கள். இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கிட்டிக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது அந்த ஆட்கள் அருகிவிட்டார்கள். நடவுக்கே பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

பெண்களுக்குக் களை, முளைக்காத இடங்களில் பிடுங்கி நடுவது. உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் குனிந்தபடி நாள் முழுக்கச் சேற்றில் நிற்பார்கள். அவர்கள் கால் விரல்கள் எப்போதும் மருதாணியில் சிவந்திருக்கும். சிறுவனாக இருந்தபோது அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சேற்றுப்புண்ணுக்கு வைப்பது அது.

இந்த வேலைகளும் கார்த்திகை பாதியில் முடிந்துவிடும். அடுத்த கூலி தை அறுவடையில். போன தையில் வந்த நெல் ஆடியிலேயே அடி தெரிய ஆரம்பித்திருக்கும். ஐப்பசியில் நெல் கொட்டி வைக்கும் குதிர் காலி. கூதிருக்கும் குதிருக்கும் ஒரு நெடில்தான் வித்தியாசம், அது வந்தால் இதைத் துடைத்துவிட்டுத்தான் போகும் என்று நாங்கள் பகடியாகச் சொல்வது உண்டு. நிலம் வைத்திருந்தவன் கையிலிருந்ததை விதையாகவும் உரமாகவும் சேற்றில் போட்டிருப்பான். நிலமில்லாதவனுக்குப் போடவும் ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் இந்த மாதங்களில் மண்ணில் இருப்பது வீட்டுக்கு வருகிறது. எங்களுக்கு வீட்டில் இருந்ததெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டிருக்கும்.

எங்களுக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். பணக்காரர்கள் அல்ல. ஆனால் கொல்லைப்புறக் கதவைத் தட்டிக் கேட்கிறவர்கள் இருந்த அளவுக்கு இருந்தது. என் ஆத்தா, அப்பாவின் அம்மா, கார்த்திகை மழையில் வந்து நிற்கும் பெண்களுக்கு நெல் கடன் தருவாள். மரக்காலில் அள்ளி, ஒரு குச்சியால் விளிம்பை வழித்துத் தலைதட்டிப் போடுவாள். தையில் அவர்கள் திருப்பித் தரும்போது அதே மரக்கால்தான், ஆனால் அப்போது குச்சி வெளியே வராது. கோபுரமாகக் குவித்து, பக்கத்தில் சரிவதையும் கையால் அணைத்துத்தான் வாங்குவாள். வட்டி என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அந்தக் குச்சி இருந்த இடம் எனக்குத் தெரியும். குதிருக்கு மேல் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருப்பாள். இருமிக்கொண்டே நின்ற ஓர் அக்கா ஒருமுறை, 'ஆத்தா, இன்றைக்கு மட்டும் குச்சி வேண்டாமே' என்று சிரித்தபடி கேட்டாள். ஆத்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வழித்தாள்.

கன்றை உதைக்கும் பசுவை நெடுநல்வாடையில் படித்தபோது எனக்கு முப்பது வயது. வகுப்பில் அதைக் குளிரின் கொடுமைக்கு உவமை சொல்வதுபோல் விளக்கியிருந்தார்கள். அது உவமையே அல்ல. பசுவுக்கும் மேய்ச்சல் இல்லை, மடியில் இருப்பது அதற்கே போதாது. ஆத்தாவைக் கொடுமைக்காரி என்று எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. அவள் வீட்டிலும் ஏழு வயிறு இருந்தது. அந்த அக்காவின் இருமலையும் மறக்க முடியவில்லை. 'கை வற்றிய மாதங்கள்' என்று ஒரே வரியில் எழுதித் தப்பித்துக்கொண்டது இதனால்தான். நீங்கள் விடவில்லை.

இப்போது அந்தக் குச்சிக்கு வேலை இல்லை. ரேஷனில் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனில் இலவசமானது. ரேஷன் அரிசியைக் கேலி செய்யும் நகரத்து நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களில் யாரும் கார்த்திகையில் கொல்லைக் கதவைத் தட்டியவர்கள் அல்லர். இன்றைய ஐப்பசிக் கவலை வேறு மாதிரி: நவம்பர் 15-க்குள் பயிர்க் காப்பீடு கட்ட வேண்டும், அதற்குச் சாகுபடிச் சான்றான அடங்கல் வேண்டும், அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வேண்டும், அவருக்கு இணையம் வேண்டும். 2018-இல் கஜா புயல் அடித்ததும் நவம்பர் 16 அதிகாலைதான். உங்கள் கடைமுகம் அந்த நாட்களில்தான் வரும். நீங்கள் முழுக்குப் போடும் பருவத்தில் எங்கள் பக்கம் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

நவம்பர் கடைசியில் பார்க்க என்ன இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். மழை விட்ட இரண்டாம் நாளாகப் பார்த்து வாருங்கள். சம்பா முழங்கால் உயரம் வந்திருக்கும். அப்படி ஒரு பச்சையை உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்; அது அந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் இருக்கும். கொஞ்சம் சுற்றி வந்து வடுவூர் ஏரியில் வண்டியை நிறுத்தினால் வடக்கிலிருந்து வந்த வாத்துகள் இருக்கும். கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்க்கலாம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் முடிந்து மாவலி சுற்ற என் தம்பிக்கு இன்னும் தெரியும். பொறி பறப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். அதுவும் பார்க்க வேண்டியதே.

பிள்ளைகளுக்கு பூட்ஸ் வாங்கி வர வேண்டாம். எங்கள் களிமண் பூட்ஸை வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். வெறுங்காலோடு இறங்கட்டும். கரையேறியதும் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தம்பி வீட்டுக் கொல்லையில் மருதாணி நிற்கிறது.